ஜாகீர்தார் பங்களாவில் நீட்டிய பாவு

"பாயைத் தூக்குங்க மாப்ள, பாயை."

கார் டிக்கியில் கிடந்த கோரைப்பாயைத் தென்னரசு தூக்கிப் பிடித்தான். சத்தியராஜ் கையிலிருந்த ஈரப் பொட்டலத்தை, தூங்கிவிட்ட குழந்தையைத் தூளியில் இறக்குவதுபோல உள்ளே இறக்கினார். அதன்மேல் பாய். பாயின்மேல் தண்ணீர்க் கேன். கேனுக்குப் பக்கத்தில் பேரனின் கிரிக்கெட் மட்டை, ஸ்டம்புகள்.

"மாமா, கஞ்சி ஒழுகுது."

"ஒழுகட்டும். ஜல்தியா மூடுங்க."

"என் காரு மாமா இது."

"காரை நாளைக்குக் கழுவிக்கலாம் மாப்ள. பட்டைக் கழுவ முடியுமா?"

வீட்டுக்குள்ளிருந்து அமலோற்பவத்தின் குரல் வந்தது. "பாயி வெச்சாச்சா?"

"வெச்சாச்சு!" என்றார்கள் மாமனாரும் மருமகனும் ஒரே நேரத்தில். சம்பந்தம் ஏற்பட்ட நாளிலிருந்து அவர்கள் இருவரும் எதையும் சேர்ந்து சொன்னதில்லை. அமலோற்பவம் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தாள். டிக்கி மூடியிருந்தது. புருஷன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகன் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பேரும் இன்னா பண்றீங்க?"

"காத்து பாக்கறோம்," என்றார் சத்தியராஜ்.

பொட்டலத்தில் இருந்தது மூன்று சேலைக்கான பாவு. அரக்கு நிறம். சேலையின் நீளவாட்டு இழைகள் மொத்தமும் அதில் இருந்தன. தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழையை முடிந்து, காயவிட்டுச் சுருட்ட வேண்டும். கஞ்சி போட்ட பாவை ஈரத்தோடு மடித்து வைத்தால் மத்தியானத்துக்குள் இழையோடு இழை ஒட்டி அப்பளக் கட்டாகிவிடும். அப்புறம் பட்டு நூல் கொடுத்த முதலாளி வீட்டு வாசலில் போய் நிற்பதைத் தவிர அதைவைத்துச் செய்வதற்கு ஒன்றுமில்லை.

முள்ளிப்பட்டில் சத்தியராஜ் குடியிருந்த தெரு ஒன்றுதான் கோணல் இல்லாத தெரு. எல்லா வீட்டுப் பாவையும் அதில்தான் நீட்டியாக வேண்டும் என்பதால் வீட்டுக்கு வீடு முறை உண்டு. மழை பெய்தால் முறை தள்ளும். தள்ளிய முறை எப்போது திரும்பி வரும் என்று மேகத்தைத்தான் கேட்க வேண்டும். ஆனால் ஆயுதபூஜை அன்று தெரு காலியாகக் கிடக்கும். தறிக்குப் பொட்டு வைத்து, நாடாவுக்கும் அச்சுக்கும் பூ சாத்திவிட்டு, அன்றைக்கு ஒருவரும் வேலையில் கை வைக்கமாட்டார்கள். தெருவில் ஒரே வேதக்கார வீடு சத்தியராஜுடையது. அதனால் ஆயுதபூஜைத் தெரு அவருக்கு என்று யாரும் பேசி முடிக்காமலே முடிந்திருந்தது. கிறிஸ்துமஸ் அன்று அவர் முறை வந்தால் எதிர்வீட்டுக்காரர் எடுத்துக்கொள்வார். கணக்கு நேர்.

அமலோற்பவத்துக்கு அந்தக் கணக்கு நேராகவில்லை. அன்றைக்குப் பாவு பிடிக்க அக்கம்பக்கத்து ஆள் வராது. வீட்டு ஆட்கள்தான் பிடிக்க வேண்டும். "கல்யாணம் ஆன வருஷத்துலேர்ந்து பாக்கறேன். ஆயுதபூஜைன்னா ஊரே குந்திகினு பொரி துன்னுது. நான் கஞ்சி தெளிச்சிகினு இருக்கேன். எனக்கு எந்தப் பண்டிகையும் இல்ல, இந்துவும் இல்ல, கிறிஸ்துவமும் இல்ல."

இந்த வருஷம் மகள் ஜெசிந்தா, மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தார்கள். பூஜை அன்று குடும்பத்தோடு ஜாகீர்தார் பங்களாவுக்குப் போவது என்று அமலோற்பவம் அறிவித்தாள். இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் பேரன் ஜோபின். போனில் யாரோ எடுத்துப் போட்ட பேய் பங்களா வீடியோவை அவன்தான் காட்டினான். மலையடிவாரத்தில் இடிந்த மாளிகை, செடி முளைத்த கோபுரம், பின்பக்கம் கூரையோடு நீண்டு கிடக்கும் வராந்தா. சத்தியராஜ் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். தாத்தாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று பேத்தி இவாஞ்சலின் சொன்னாள்.

முந்தின நாள் சாப்பாட்டுக்குப் பிறகு அமலோற்பவம் அவரைத் தனியே கூப்பிட்டாள். மாப்பிள்ளை முன்னால் புருஷனை "வாங்க போங்க" என்பவள், தனியாக இருக்கும்போது "நீ வா போ" என்பாள். அன்றைக்குத் தனியாக இருந்தபோதும் மரியாதை கொடுத்தாள். சத்தியராஜ் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கு அந்த வார்த்தை உங்க வாய்ல வரக்கூடாதுங்க."

"எந்த வார்த்தை?"

"அதேதான். வந்துச்சின்னா நான் எங்க இருக்கேனோ அங்கேர்ந்தே பஸ் ஏறி கண்ணமங்கலம் போயிடுவேன், எங்க அண்ணன் வூட்டுக்கு. பொங்கலுக்கு வந்து கூப்புடுங்க. வரேனா இல்லையான்னு அப்ப சொல்றேன்."

இந்த மிரட்டலைச் சத்தியராஜ் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார். ஆனால் இந்தத் தரம் பிக்னிக் பையில் தட்டுகளுக்கு அடியில் இரண்டு சேலைகளை மடித்து வைத்திருந்தாள். அவரே கண்ணால் பார்த்தார்.

அவள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கல்யாணமான புதிதில் வேளாங்கண்ணிக்குக் கூட்டிப் போனார். கடற்கரையில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீளம் இருக்கு, காத்துதான் ஆவாது," என்றார். மகளின் கல்யாணத்தன்று கோயிலில் பாட்டு தொடங்கியதும், மணப்பெண்ணின் கையைப் பிடித்து நடுவழியில் நடத்திப் போக வேண்டிய தகப்பன், பீடத்தையும் வாசலையும் மாறிமாறிப் பார்த்து, "ஜெசி, இதுல ரெண்டு பாவு நீட்டலாம்," என்று அவள் காதில் சொன்னார். கல்யாண வீடியோவில் மணப்பெண் அழ வேண்டிய இடத்தில் சிரிப்பது அதனால்தான். சத்தியராஜ் கெட்டவர் இல்லை. குடிப்பதில்லை. உலகம் அவர் கண்ணுக்கு நீளமான இடம், நீளம் போதாத இடம் என்று இரண்டாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இந்தத் தரம் அவர் வாக்கைக் காப்பாற்றத்தான் நினைத்தார். விடியுமுன் நீட்டி, கார் கிளம்புமுன் காயவைத்துச் சுருட்டிவிட்டால் நாளெல்லாம் அந்த வார்த்தைக்கே தேவை இருக்காது. அமலோற்பவம் புழக்கடையில் பிரியாணிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். நடைப்பயிற்சிக்கென்று எழுந்து வந்த மாப்பிள்ளை தெருவில் அகப்பட்டான். அவன் கையில் கயிற்றைக் கொடுத்தார். கஞ்சி தெளித்து முடிக்கவும் தூறல் விழவும் சரியாக இருந்தது. வீடியோவில் பார்த்த வராந்தா அவருக்கு ஞாபகம் வந்தது.

கார் கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருக்கும்.

"ஆயா, கார்ல சோறு வடிச்ச வாசனை வருது," என்றாள் இவாஞ்சலின்.

அமலோற்பவம் தயிர்சாத டப்பாவைத் திறந்து முகர்ந்து மூடினாள். "இது இல்ல."

"ஏங்க, காரை சர்வீஸ் உட்டேன்னு சொன்னீங்களே?" என்று ஜெசிந்தா புருஷனைக் கேட்டாள்.

"உட்டனே."

"எங்க, மெஸ்லயா?"

தென்னரசு கண்ணாடியை இறக்கினான். தேசூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். கம்பெனியில் ஷிப்ட் வேலை. பட்டைக் கல்யாணங்களில் மட்டும் பார்த்தவன். மாமனாரோடு சேர்ந்து ஒரு ரகசியத்தைக் காப்பது அவனுக்கு இதுவே முதல் தடவை. கழுத்து வேர்த்திருந்தது.

"கொஞ்சம் ஜல்தியா போங்க மாப்ள," என்றார் சத்தியராஜ்.

"இன்னா அவசரம்?" என்றாள் அமலோற்பவம் பின்சீட்டிலிருந்து. "ராஜா இன்னா இலை போட்டுகினு காத்துகினா இருக்காரு?"

பங்களாவுக்கு வாயில் இருந்தது, கதவு இல்லை. சீட்டு கொடுக்க ஆளும் இல்லை. வாயிற்கல்லில் கன்னியம்மாள் என்கிற ஆடு மேய்க்கிற அம்மாள் உட்கார்ந்திருந்தாள். யாரும் கேட்காமலே அவள் எழுந்து முன்னால் நடந்தாள். ஆடுகள் பின்னால் வந்தன.

"இதாங்க ராணி டான்ஸ் ஆடுன ரூமு. அது ராஜா துப்பாக்கி வெச்ச ரூமு. பின்னாடி வராந்தாலதான் ராணியை உட்டுட்டு ராஜா பூட்டாரு."

"ராஜா கக்கூஸ் எங்க இருக்கு?" என்றாள் இவாஞ்சலின்.

கன்னியம்மாள் சற்று யோசித்து, ராணி நடனமாடிய அறையையே திரும்பவும் காட்டினாள்.

சுவரெங்கும் காதலர்கள் பெயர் கீறியிருந்தார்கள். வௌவால் எச்சம் நாறியது. நடுக்கூடத்தில் மேலே கவிழ்த்த சட்டி போல் கோபுரம் நின்றது. ஜோபின் அதற்கடியில் நின்று போனைத் தன் முகத்துக்கு நேரே பிடித்து, "ஹாய் ஃப்ரெண்ட்ஸ், நாம இப்ப எங்க இருக்கோம்னா!" என்றான். கூடம் அதை வாங்கி நாலாபக்கமும் திருப்பிச் சொன்னது. இவாஞ்சலின் தன் பெயரைக் கத்தினாள். ஜெசிந்தா கத்தினாள். எல்லோரும் வற்புறுத்த அமலோற்பவம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, பிறகு எடுத்துவிட்டு, "ஏய்!" என்றாள். பங்களாவே "ஏய்" என்றது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இன்னொரு தரம் "ஏய்" என்றாள்.

சத்தியராஜ் அதைப் பார்த்தார். இந்தச் சிரிப்பைக் கெடுத்தால் தனக்கு மோட்சம் இல்லை என்று நினைத்தார். டிக்கியில் கஞ்சி இறுகிக்கொண்டிருப்பதையும் நினைத்தார்.

"எனக்கு வயிறு ஒரு மாதிரியா இருக்கு," என்றார்.

"ராஜா கக்கூஸ் அங்க இருக்கு தாத்தா," என்றாள் பேத்தி.

"நான் வெளிய பாத்துக்கறேன். மாப்ள, தண்ணி கேன் எடுத்துகினு வாங்க."

பின்பக்க வராந்தா வீடியோவில் கண்டதைவிட அழகாக இருந்தது. வரிசையாகத் தூண்கள். கூரை ஒழுகவில்லை. மரங்களின் பக்கமிருந்து காற்று அளவாக வந்தது. இங்கே வாழ்ந்த ராஜா இதைச் சும்மா போட்டுவைத்திருந்தானே என்று சத்தியராஜுக்கு வருத்தமாக இருந்தது. ஒரு கோடியிலிருந்த தூணில் கயிற்றைக் கட்டினார். பாவைப் பிரித்து மறு கோடிக்கு நடந்தார். இழைகளைப் பரப்பி நிறுத்துகிற மூங்கில் கோல்கள் காரில் அடங்காததால் வீட்டிலேயே நின்றுவிட்டன. அதற்கு ஜோபினின் ஸ்டம்புகள் சரியாக அமைந்தன. நல்ல வழவழப்பு, இழை மாட்டாது.

மறு கோடியில் தென்னரசு கயிற்றை இடுப்பில் சுற்றி, காலை உதைத்துச் சாய்ந்தான்.

"மாப்ள, மாப்ள! கயிறு இழுக்கற போட்டியா இது? வலிக்காதீங்க. கூப்புடுங்க. கூப்ட்டா தானா வரும்."

"எப்படி மாமா கூப்புடறது?"

"உங்க பொண்ணைக் கூப்புடற மாதிரி."

"அவ கூப்ட்டா வரமாட்டா மாமா."

ஒருவழியாகப் பாவு நின்றது. ஒட்டத் தொடங்கியிருந்த இடங்களைச் சத்தியராஜ் விரலால் தட்டித் தட்டிப் பிரித்தார். சாய்ந்து வந்த வெளிச்சம் அரக்கில் பட்டு, வராந்தாவின் காரை பெயர்ந்த சுவரே கல்யாணவீட்டுச் சுவர்போல் சிவந்தது. காய்ந்துவிடும். மூன்று மணிக்குள் நன்றாகக் காய்ந்துவிடும். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

முன்பக்கம் பாய் விரித்துப் பிரியாணி திறந்தாயிற்று. சத்தியராஜ் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அமலோற்பவம் அவருக்கு முன் ஒரு டம்ளரை வைத்தாள்.

"இன்னா இது?"

"ஓமத்தண்ணி. வயிறு சரியில்லைன்னீங்களே. தயிர்சாதம் கொஞ்சமா துன்னுங்க, போதும்."

"இப்ப பரவால்ல அமலா."

"மூஞ்சி எல்லாம் வேத்துகினு இருக்கு. பரவால்லையாம்."

அவர் தயிர்சாதம் சாப்பிட்டார். எதிரில் மாப்பிள்ளை நல்லியை உறிஞ்சினான். தட்டில் கண்ணைப் புதைத்துக்கொண்டு உறிஞ்சினான், மாமனாரை நிமிர்ந்து பார்க்க மனம் வரவில்லை.

"ஸ்டம்ப் காணோம்," என்றான் ஜோபின். "அப்பா, டிக்கிலதான இருந்திச்சி?"

"செங்கல்லு வெச்சி ஆடேன்டா," என்றார் சத்தியராஜ். "எவ்ளோ செங்கல்லு கீது பாரு. ராஜா கட்டுன செங்கல்லு. யாருக்குக் கிடைக்கும்?"

அப்போது இன்னொரு கார் வந்து நின்றது. பெரிய பை, குடை, வெளிச்சத்தைத் திருப்பிவிடுகிற வெள்ளைத் தட்டி, இவற்றோடு ஒரு போட்டோக்காரர். அவருக்குப் பின்னால் கல்யாணம் நிச்சயமான பெண்ணும் பையனும். பெண் நீளமான கவுன் போட்டு, அதன் வாலைத் தானே சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தாள். அவர்கள் நேரே பின்பக்கம் போனார்கள். சத்தியராஜ் கையைக் கழுவாமலே எழுந்தார்.

"மறுபடியுமா?" என்றாள் அமலோற்பவம். இப்போது அவள் குரலில் நிஜமான கவலை இருந்தது. அது அவரைக் குத்தியது. ஆனாலும் ஓடினார்.

வராந்தாவில் போட்டோக்காரர் பாவுக்கு முன்னால் வாயைப் பிளந்து நின்றிருந்தார். ஆரணியில் ஸ்டூடியோ வைத்திருப்பவர், பெயர் சுதாகர்.

"அண்ணே, இந்த செட்டு உங்களுதா? இன்னா கான்செப்ட்டு?"

"தொட்டா கையை உடைப்பேன். அதான் கான்செப்ட்டு."

"இல்லண்ணே, சும்மா இதுக்குப் பின்னாடி ரெண்டு பேரையும் நிக்க வெச்சி ரெண்டே ரெண்டு போட்டோ. எழில், இங்க வாம்மா. இழை நடுவுல உன் மூஞ்சி மட்டும் தெரியணும்."

"முடியாதுப்பா. ஈரம் கீது. போயி முன்னாடி எடு."

"அப்ப முன்னாடி குந்திகினு இருக்காங்களே ஒரு அம்மா, அவங்ககிட்ட கேட்டுட்டு வரட்டுமா? அவங்கதான் ஓனரா?"

சத்தியராஜ் அவர் சட்டையைப் பிடித்தார். பிறகு அதை நீவிவிட்டார். "வேணாம்பா. எடுத்துக்கோ. சத்தம் போடாம எடு. மூச்சு உடாதீங்க பட்டுமேல."

எழிலரசி கவுனைச் சுருட்டிக்கொண்டு பாவுக்குப் பின்னால் போய் நின்றாள். பையன் பக்கத்தில் நின்றான். சுதாகர் தரையில் படுத்தார், எழுந்தார், தூணில் ஏறினார். ரெண்டே ரெண்டு என்பது வளர்ந்துகொண்டே போனது. சத்தியராஜ் ஒவ்வொரு இழைக்கும் தனித்தனியாகக் காவல் நின்றார். கன்னியம்மாளின் ஆடுகள் வராந்தா ஓரத்தில் வந்து நின்று மூக்கைத் தூக்கின. அரிசிக் கஞ்சி வாசனை அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

"சூப்பர்ரா இருக்கு. லாஸ்ட்டா ஒண்ணு," என்றார் சுதாகர். "தம்பி, உன் பாக்கெட்ல இருக்கறதை இப்ப..."

பையன் சட்டைப்பையிலிருந்து ஒரு குழாயை எடுத்தான். சத்தியராஜுக்கு அது டார்ச் லைட்டாகத் தெரிந்தது. பையன் அதன் வளையத்தை இழுத்தான். புஸ்ஸென்று நீலப் புகை கிளம்பியது. கல்யாணப் போட்டோவுக்கென்றே விற்கிற புகை. தூணைச் சுற்றியது, சுவரைச் சுற்றியது, ஈரக் கஞ்சியை நோக்கி வந்தது. ஆடுகள் மிரண்டு, ஓட வழி தேடி, ஒன்றன்பின் ஒன்றாகப் பாவுக்கு அடியில் புகுந்தன.

"ஐயோ! பாவு! என் பாவு!"

சத்தம் பின்வாசல் வழியாக நடுக்கூடத்துக்குள் போனது. கோபுரம் வாங்கிக்கொண்டது. பாவு, பாவு, பாவு என்று ஜாகீர்தார் பங்களா முழுவதும், துப்பாக்கி அறையும் நடன அறையும் உட்பட, அமலோற்பவத்துக்குச் சொன்னது.

அவள் வந்து வாசற்படியில் நின்றாள். புகை. ஆடுகள். கவுன் போட்ட ஒரு பெண். இரண்டு கைகளையும் அகல விரித்துப் பாவின்மேல் கவிழ்ந்தமாதிரி புருஷன். மறுகோடியில், எப்போது ஓடிவந்தானோ, கயிற்றைக் கட்டிப்பிடித்தபடி மாப்பிள்ளை. ஸ்டம்புகள்.

"அங்க இருக்குது ஸ்டம்ப்பு!" என்றான் பின்னால் வந்த ஜோபின்.

அமலோற்பவம் படியிறங்கி வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். 

"அந்தக் கருமத்தைத் தூக்கி வெளிய போடு," என்றாள் பையனிடம். அவன் குழாயை வெளியே எறிந்தான். "நீ இன்னா, வெள்ளைத் தட்டி வெச்சிகினு பாத்துகினு நிக்கறே? விசிறு. அந்தப் பக்கம் விசிறு, புகை வெளிய போவட்டும்." சுதாகர் விசிறினார். "ஏ பொண்ணு, வளையலைக் கழட்டிட்டு இந்தக் கோலைப் பிடி. ஆடாம பிடி. ஜெசி, ஆட்டை ஓட்டு. கன்னியம்மா, உன் புள்ளைங்களைக் கூப்புடு!"

கன்னியம்மாள் "பா, பா" என்று கூப்பிட்டாள். ஆடுகள் போயின. ஒரு வெள்ளாட்டுக்குட்டி மட்டும் போகுமுன் ஓரத்தை நக்கிப் பார்த்துவிட்டுப் போனது. அமலோற்பவம் உட்கார்ந்து அறுந்த இழைகளைத் தேடிப் பிடித்தாள். விரலால் திருகினாள், முடிந்தாள், அடுத்ததற்குப் போனாள். சத்தியராஜ் இழைகளின் மறுபக்கத்தில் அவளுக்கு நேரெதிராக உட்கார்ந்து முடிந்தார். கொஞ்ச நேரத்தில் இருவர் கையும் ஒரே வேகத்தில் போயின. அவருக்கு நம்பிக்கை வந்தது.

எல்லாம் முடிந்தபோது, "கோவமா அமலா?" என்றார் மெதுவாக.

"கோவமா? எனக்கா? இல்லீங்களே."

நம்பிக்கை போய்விட்டது.

"காலைலயே நனைச்சிட்டீங்க, இல்ல?"

"ஆமா."

"அப்ப வயித்து வலி?"

சத்தியராஜ் முடிந்த இழையையே மறுபடி தடவிப் பார்த்தார்.

"எனக்கு இன்னா பேஜாரு தெரியுமா? நான் ஓமத்தைக் கையால தேய்ச்சி, ஊதி ஊதிக் குடுத்தேன்." அவள் எழுந்து சேலையைத் தட்டினாள். "ஜெசி, பாயைச் சுருட்டு."

"அமலா, கண்ணமங்கலம் எல்லாம் வேணாம். பிள்ளைங்க முன்னாடி..."

"நான் எதுக்குங்க கண்ணமங்கலம் போவணும்? நான் ஊர் சுத்த வந்தேன். சுத்தப் போறேன். செண்பகத்தோப்பு டேமுக்குப் போறோம். அப்புறம் ஆரணியில ஐஸ்கிரீம். உங்களுக்கு இங்க வேலை கீது. காய்ற வரைக்கும் பாத்துக்குங்க."

"எல்லாரும் போறீங்களா?"

"எல்லாரும்."

தென்னரசு தயங்கினான். "அத்த, நான் வேணா மாமாகூட..."

"காரு யாரு ஓட்டுவாங்க மாப்ள?" என்றாள் அமலோற்பவம், மிகுந்த மரியாதையோடு. அவன் போய்விட்டான். ஜோபின் மட்டும் திரும்பி வந்து, "தாத்தா, ஸ்டம்ப் நீங்களே வெச்சிக்குங்க, பரவால்ல," என்றான்.

கார் போன புழுதி அடங்கியது. சுதாகரும் ஜோடியும் கோபுரத்தடிக்குப் போய்விட்டார்கள். சத்தியராஜ் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். கன்னியம்மாள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"உன்ன உட்டுட்டுப் பூட்டாங்களா?"

"வருவாங்க."

"ராஜாவையும் இப்படித்தான் ராணி உட்டுட்டுப் பூட்டா. இதே இடத்துல."

"காலையில வேற சொன்ன. ராஜாதான் ராணியை உட்டுட்டுப் போனாருன்னியே?"

"அது வேற ராஜா," என்றாள் கன்னியம்மாள்.

போன் சத்தம் போட்டது. மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான். டேம் கரையில் அமலோற்பவம், மகளின் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. அடுத்தது, கையில் மக்காச்சோளத்தோடு. அடுத்ததில் அவள் எதற்கோ சிரித்து, கண்ணாடி மூக்கில் இறங்கியிருந்தது. சத்தியராஜ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அவள் கையில் கஞ்சிச் சட்டியோ கயிறோ இல்லாமல் தான் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை என்று தோன்றியது. கல்யாணப் படத்தில் பூச்செண்டு இருந்தது, அதையும் அவள் கயிற்றைப் பிடித்தமாதிரிதான் பிடித்திருந்தாள். தன்னையும் கூட்டிப் போயிருக்கலாம் என்று நினைத்தார். போயிருந்தால் அந்தக் கரையின் நீளத்தைப் பற்றி வாயைத் திறந்திருப்போம் என்பதும் தெரிந்தது. படத்தில் கரை நல்ல நேராகத்தான் இருந்தது.

பாவு காய்ந்தது. விரலால் சுண்டினால் வீணைக் கம்பி மாதிரி துள்ளியது. கன்னியம்மாள் ஒரு கோடியைப் பிடிக்க, அவர் சுருட்டினார். அவள் நன்றாகப் பிடித்தாள்.

வெளிச்சம் மங்கும்போது, மற்றவர்களை வீட்டில் இறக்கிவிட்டு, மாப்பிள்ளை மட்டும் காரோடு வந்தான். சத்தியராஜ் பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்கதவைத் திறந்தார்.

"மாமா, ஒரு நிமிஷம்." தென்னரசு தலையைச் சொறிந்தான். "அத்தை சொல்லி அனுப்பினாங்க. முன்சீட்டுல அதைத்தான் வெக்கணுமாம். பெல்ட்டு போட்டு. நீங்க பின்னாடி உக்காரணுமாம்."

சத்தியராஜ் பாவை முன்சீட்டில் உட்காரவைத்தார். தென்னரசு குறுக்கே பெல்ட்டைப் போட்டு மாட்டினான். அவர் பின்னால் ஏறிக்கொண்டார். இருக்கையில் ஐஸ்கிரீம் குச்சி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கார் முள்ளிப்பட்டுக்குக் கிளம்பியது. ஒரு வேகத்தடையில் சத்தியராஜ், "பாத்து மாப்ள," என்றார். முன்சீட்டைப் பார்த்துத்தான் சொன்னார்.

மறுநாள் விஜயதசமி. மழை இல்லை. காலையில் பாவைத் தறியில் ஏற்றினார்கள். அமலோற்பவம் இழை எடுத்துக் கொடுத்தாள். ஓரத்தில் விரல் அகலத்துக்கு நீலம் ஏறியிருந்தது. முதலாளி வந்தபோது சத்தியராஜ் அதைக் காட்டினார். அந்த ஓரத்தில் கரை நெய்தால் நீலம் உள்ளே மறைந்துவிடும் என்று முதலாளி சொன்னார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஜெசிந்தா குடும்பம் ஸ்ரீபெரும்புதூருக்குக் கிளம்பியது. அமலோற்பவமும் அவர்களோடு போனாள். பத்து நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். மகாபலிபுரம் போகலாம் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தான். அவர்கள் போன பிறகு சத்தியராஜ் தறியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் நெய்தார். சாயங்காலம் உலை வைத்தார். அரிசி எங்கே இருக்கிறது என்று கேட்கப் போன் செய்தார். அவள் எடுக்கவில்லை. பிறகு அவரே தேடி எடுத்துக்கொண்டார்.